சுட்டதுண்டு, சுடுவர்: ஒரு போர் ஆட்டம் குறித்த கருத்துரைகளில் வினைநோக்கும் வரலாற்று உண்மையும்

கணினியில் ஆடப்படும் போர் ஆட்டங்களைக் குறித்து ஆடுவோர் எழுதும் கருத்துரைகள் பெரும்பாலும் வணிகச் செய்திகளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. வாங்கலாமா, வேண்டாமா என்னும் வினாவுக்கு விடையாக எழுதப்படும் அவற்றை இலக்கியத் திறனாய்வாளரும் பொருட்படுத்துவதில்லை, வரலாற்றாசிரியரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரே ஆட்டத்தை ஆடிய இரு சாரார், ஒரே ஆவணத்தைச் சான்றாகக் காட்டி, ஒரு சாரார் 'உண்மை' என்றும் மறு சாரார் 'பொய்' என்றும் வழக்காடும்போது அவ்வழக்கின் மொழி ஆராய்ச்சிக்கு உரியதாகிறது. 2013 ஜூன் 25ஆம் நாள் வெளிவந்த 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 2' என்னும் ஆட்டம் அத்தகைய வழக்கொன்றைத் தோற்றுவித்தது. அவ்வழக்கில் இரு சாராரும் கையாண்ட வினைமுற்றுகளைக் கூர்ந்து நோக்கின், அவர்களுடைய முரண்பாட்டின் வேர் வரலாற்றுச் செய்திகளில் இருப்பதைவிட வினைநோக்கிலேயே மிகுதியாக இருப்பது புலனாகும்.

ஆட்டத்தைப் பற்றிச் சில செய்திகள் இன்றியமையாதவை. கனடாவின் வான்கூவரிலுள்ள ரெலிக் நிறுவனம் இதனை உருவாக்கியது. இதன் முதற்பகுதி 2006இல் வந்தது. அது நார்மண்டியில் அமெரிக்கப் படைகள் நடத்திய போரைப் பொருளாகக் கொண்டது. இரண்டாம் பகுதி உருவாகிக்கொண்டிருந்தபோதே வெளியீட்டு நிறுவனமான டி.எச்.கியூ. திவாலாகிவிட, 2013இன் தொடக்கத்தில் ஜப்பானின் சேகா நிறுவனம் ரெலிக்கை விலைக்கு வாங்கிற்று. இப்பகுதியின் களம் சோவியத் ஒன்றியத்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே நடந்த கிழக்குப் போர்முனையாகும். சதுரங்கம் போல முறைவைத்து ஆடப்படாமல், இரு தரப்பும் ஒரே வேளையில் இயங்க, ஓடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் ஆடுவோர் சிறு படைக்குழுக்களை நகர்த்தி, மறைவிடம் தேடி, தாக்கி, பின்வாங்கி ஆடுவது இவ்வகை. தனியொருவர் ஆடும் கதைப்பகுதியும், பலர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் போட்டிப்பகுதியும் இதில் தனித்தனியே உள்ளன. பின்னர் வரும் செய்திகளுக்கு இப்பகுப்பு முதன்மையானது.

ஆங்கிலத்தில் எழுதிய ஆட்டக்காரர்களின் முதற் கருத்துரைகள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தைப் பற்றியவை. வீரனின் கண்ணுக்கு எட்டுவது மட்டுமே ஆடுவோருக்கும் தெரியுமாறு அமைந்த பார்வை முறைக்கு 'ட்ரூசைட்', அதாவது 'மெய்ப்பார்வை', என உருவாக்கியோர் பெயரிட்டிருந்தனர். பனியில் வீரர் நடை தளர்வதும், பனிப்புயலில் உறைந்து மடிவதும், உறைந்த ஆற்றின் மேற்பரப்பு குண்டுபட்டு உடைந்து டாங்கி மூழ்குவதும் பாராட்டப்பட்டன. போட்டி ஆட்டத்தில் நாட்டமுடையோர் பலர் இப்பனியையே தொல்லை என்றனர். 'தளபதி' என்னும் சொல் இவ்வாட்டத்தில் சில சிறப்பு ஆற்றல்களின் தொகுதியைக் குறித்தது. அத்தொகுதிகள் தனியே விலைக்கு விற்கப்பட்டன. தளபதியைக் காசு கொடுத்து வாங்குவது பற்றிய கசப்பு பல கருத்துரைகளில் தெரிகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு ஈதொரு சிறு வேடிக்கை. அதற்குமேல் இதில் எதுவுமில்லை.

இக்கருத்துரைகளில் மிகுதியாகப் பயின்ற சொல் 'யதார்த்தம்' என்பதற்கு நிகரான ஆங்கிலச் சொல். அது மூன்று பொருள்களில் வழங்கியிருக்கிறது. பனி பனியாக நடந்துகொள்வது ஒன்று. டைகர் டாங்கியின் கவசம் வரலாற்றில் இருந்த வலிமையோடு இருப்பது மற்றொன்று. போர் இவ்வளவு கொடியது என உணர்த்துவது மூன்றாவது. போட்டி ஆட்டக்காரர் இரண்டாம் பொருளைத் தமக்கு வாய்ப்பானபோது மட்டும் எடுத்தாளுவர். டைகரை விரும்புவோர் வரலாற்றைச் சான்றழைப்பர். டி-34 டாங்கிகள் ஆயிரக்கணக்கில் வந்தமைக்கு அதே வரலாற்றைச் சான்றழைத்தால் 'சமநிலை கெடும்' என்பர். மூன்று பொருளையும் ஒரு சொல்லால் தாங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறையன்று. பரீஸ் பொலெவோயின் நாவல் பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் 'உண்மை மனிதனின் கதை' என மாஸ்கோவிலிருந்து தமிழர் கைக்கு வந்தது. கால்களை இழந்தும் மீண்டும் போர்விமானம் ஓட்டிய வீரனின் கதை அது. அத்தலைப்பிலுள்ள 'உண்மை' என்னும் அடை, கதை உண்மையில் நிகழ்ந்தது என்று கூறவில்லை; மனிதன் என்னும் பெயருக்குத் தகுந்தவன் என்று கூறுகிறது. ரஷ்ய மூலத்திலும் அப்பொருள்படும் வேறொரு சொல்லே உள்ளது. தமிழ் 'உண்மை' இரண்டையும் ஏற்றுக்கொள்வதால் தலைப்பு இயல்பாக அமைந்துவிட்டது. கிழக்குப் போர்முனை பற்றிய சொற்போரில் இவ்விரண்டு உண்மைகளும் பிரிக்கப்படாமலே கிடந்தன.

வழக்கின் மையத்தில் நின்றது ஓர் ஆணை. 1942 ஜூலை 28ஆம் நாள் பாதுகாப்புத் துறை மக்கள் ஆணையர் என்னும் முறையில் ஸ்டாலின் கையொப்பமிட்ட 227ஆம் எண் ஆணை அது. 'ஓரடியும் பின்வாங்காதே' என்னும் முழக்கத்தால் அறியப்படுவது. கட்டளையின்றிப் பின்வாங்குவோரைத் தடுக்க ஒவ்வொரு சேனையிலும் 3 முதல் 5 வரையிலான தடுப்புப் படைப்பிரிவுகளை அமைக்கவும், தண்டனைப் பட்டாளங்களை உருவாக்கவும் அது பணித்தது. பீதியடைந்து ஒழுங்கின்றிப் பின்வாங்குவோரையும் கோழைகளையும் அவ்விடத்திலேயே சுட்டுக்கொல்ல அது தடுப்புப் பிரிவுகளைக் கடமைப்படுத்தியது. படைகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டப்பட்ட இவ்வாணை, சோவியத் நாட்டில் 1988 வரை அச்சேறவில்லை.

ஆட்டத்தின் கதைப்பகுதியில் சில கட்டங்களில் இவ்வாணை விதியாக இயங்குகிறது. ஆடுவோர் புதிய காலாட்குழுவை வரவழைத்ததும் ஆணை நடப்புக்கு வரும். ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்நேரத்துக்குள் எந்தக் குழுவையேனும் பின்வாங்கச் செய்தால் அக்குழுவினரை அவர்தம் அதிகாரியே சுட்டு வீழ்த்துவார். இதனோடு, சொந்த நாட்டுக் குடில்களை மக்கள் உள்ளிருக்கத் தீயிடும் கதைக்காட்சியும், போலந்து நாட்டுத் தலைமறைவுப் படையினரைச் சோவியத் படையினர் அழிக்கும் காட்சியும் இருந்தன. இதழாளர்களின் மதிப்பீடுகள் பொதுவாகச் சாதகமாக அமைந்திருக்க, ஆட்டக்காரர் அளித்த மதிப்பெண்கள் மிகத் தாழ்ந்து போயின. ரஷ்யாவில் ஆட்டத்துக்கு எதிராகக் கையொப்ப இயக்கம் நடந்தது. ரஷ்யாவிலும் அண்டைய முன்னாள் சோவியத் நாடுகளிலும் இதனை விற்றுவந்த 1சி-சாஃப்ட்கிளப் நிறுவனம், விற்பனையை நிறுத்திவிட்டதாக 2013 ஆகஸ்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. இரு தரப்பையும் நாட்டெல்லையால் பிரித்துவிட இயலாது என்பதும் குறிக்கத்தக்கது. ஆட்டத்தைத் தாங்கிப் பேசிய ரஷ்யமொழி ஆட்டக்காரரும் உண்டு. கண்டித்த ஆங்கிலமொழி ஆட்டக்காரரும் உண்டு.

தாங்கிப் பேசியோரின் வாதம் சுருக்கமானது. ஆணை இருந்தது, நாள் தெரியும், எண் தெரியும், தடுப்புப் பிரிவுகள் சுட்டதற்கு அரசின் சொந்தக் கணக்கே சான்று, ஆகவே ஆட்டம் காட்டுவது உண்மை. எதிர்த்தோரும் அதே கணக்கையே எடுத்துக் காட்டினர். 1942 ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரை தடுப்புப் பிரிவுகள் நிறுத்திப் பிடித்தோர் 1,40,755 பேர். அவர்களுள் கைது செய்யப்பட்டோர் 3,980, சுடப்பட்டோர் 1,189, தம் பிரிவுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டோர் 1,31,094. அஃதாவது நூற்றுக்கு 93 பேர் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பப்பட்டனர். சுடப்பட்டோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இராணுவ நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் இக்கணக்கில் அடங்கா என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே அட்டவணை ஒருவர்க்கு 1,189 என்னும் எண்ணாகவும், மற்றவர்க்கு 1,31,094 என்னும் எண்ணாகவும் தென்பட்டது. எண்களில் எவரும் ஐயம் எழுப்பவில்லை. அப்படியாயின் 'பொய்' என்னும் சொல் எதனை மறுக்கிறது?

இவ்விடத்தில் தமிழின் வினைவடிவங்கள் உதவுகின்றன. பின்வருவன கருத்துரைகளிலிருந்து எடுத்தவை அல்ல; வேறுபாட்டைத் தெளிவாக்க அமைத்துக்கொண்டவை. 'அதிகாரிகள் பின்வாங்கியோரைச் சுட்டனர்' என்பது குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கூறும். 'அதிகாரிகள் பின்வாங்கியோரைச் சுட்டதுண்டு' என்பது அத்தகைய நிகழ்ச்சி ஒன்றேனும் நடந்துள்ளது என்று மட்டும் கூறும்; எத்தனை முறை, எங்கு, எப்போது என்பவற்றைப் பற்றி அது வாய் திறவாது. 'சுடுவதுண்டு' என்பது அவ்வப்போது நிகழும் வழக்கத்தைக் குறிக்கும். 'பின்வாங்குவோரை அதிகாரிகள் சுடுவர்' என்பதோ அவ்வதிகாரிகளின் இயல்பையே கூறிவிடும். சுட்டதுண்டு என்பதற்குச் சான்று ஒன்று போதும். சுடுவர் என்பதற்கு ஆயிரம் சான்று இருந்தாலும் போதாது. ஏனெனில் அது நிகழ்ச்சியைப் பற்றிய கூற்று அன்று, தன்மையைப் பற்றிய கூற்று.

ரஷ்ய மொழியில் இவ்வேறுபாடு வேறு முறையில் பகுக்கப்பட்டுள்ளது. அம்மொழியின் வினைகள் முற்றுநோக்கு, முற்றாநோக்கு என இரட்டையாக இயங்குவன. 'ராஸ்த்ரெல்யாலி' என்னும் முற்றுநோக்கு வடிவம், சுட்டுக் கொன்று முடித்த நிகழ்ச்சியைக் குறிக்கும். 'ராஸ்த்ரேலிவாலி' என்னும் முற்றாநோக்கு வடிவத்துக்குச் சூழலுக்கேற்ப இரு பொருள்கள் அமையும். மீண்டும் மீண்டும் சுட்டுவந்தனர் என்பது ஒன்று. அவ்வாறு நிகழ்ந்தது உண்டு என்பது மற்றொன்று. இப்பின்னதை ரஷ்ய இலக்கணிகள் பொதுநிகழ்வுப் பொருள் என்பர். 'இந்நூலைப் படித்ததுண்டா' என வினவுவதற்கும் ரஷ்யர் முற்றாநோக்கையே பயன்படுத்துவது இதனால்தான். ஆகவே ஒருவர் சுட்டதுண்டு என்னும் பொருளில் கூறியதை மற்றவர் சுட்டுவந்தனர் என்னும் பொருளில் கேட்பதற்கு அவ்வடிவமே இடங்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் தளர்வானது. அடையேதும் பெறாத பன்மைப் பெயர், ஒருசிலரையும் குறிக்கும், ஓர் இனத்தையும் குறிக்கும் என்பதனைக் கிரெக் கார்ல்சன் 1977ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விரிவாக எடுத்துக்காட்டினார். 'சோவியத் அதிகாரிகள்' என்று ஆங்கிலத்தில் எழுதியவர் சிலரைக் கருதினாரா, அனைவரையும் கருதினாரா என்பது அவருக்கே தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு இத்தளர்வு எளிதில் வாய்க்காது. உண்டு என்பதைச் சேர்ப்பதா, விடுவதா என அவர் ஒவ்வொரு தொடரிலும் முடிவு செய்தாக வேண்டும்.

ஆட்டத்தின் விதியை எவ்வடிவில் எழுதுவது? இதற்கு விடை ஐயத்துக்கு இடமற்றது. கணினிக்கு இட்ட விதி 'இது நிகழ்ந்தால் அது நிகழும்' என்னும் வாய்பாட்டில்தான் அமையும். இறந்தகால வினைமுற்று அதற்கு இல்லை. மூன்று காலத்திலும் ஒரு தன்மையாக நிற்கும் இயற்கைப் பொருளைச் 'செய்யும்' என்னும் பொதுச்சொல்லால் கிளத்தல் வேண்டும் எனத் தொல்காப்பியர் வினையியலில் வகுத்துள்ளார். மலை நிற்கும் என்பதனை உரைகள் காட்டும். தீச் சுடும் என்பதும் அவ்வகையது. ஆட்டத்திலுள்ள அதிகாரி தீச் சுடுவது போலவே சுடுகிறார். அவருக்கு ஐயமில்லை; ஆளுக்கு ஆள் வேறுபாடில்லை; நூற்றுக்கு 93 பேரைத் திருப்பி அனுப்பும் வழி அவருக்குத் திறந்திருக்கவில்லை. 1942இல் சில இடங்களில், சிலரால், சிலருக்குச் செய்யப்பட்டது, விதிக்குள் நுழைந்தவுடன் இயற்கையாகிவிட்டது. எதிர்த்தோர் 'பொய்' என்றது இதனையே. ஆனால் அவர்கள் அதனை இவ்வாறு கூறவில்லை. ஆணையே மிகைப்படுத்தப்பட்டது என்றும், வெளிநாட்டார் சூழ்ச்சி என்றும், 'எனிமி அட் த கேட்ஸ்' என்னும் 2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்து எழுதியது என்றும் வெவ்வேறு வழிகளில் சென்றனர். நல்ல வழக்கைத் தவறான சட்டப்பிரிவின்கீழ் தொடுத்தது போன்றது அது.

எண்களைக் காட்டி அவர்கள் வெல்ல இயலாமற் போனதற்கும் இலக்கணக் காரணம் உண்டு. பொதுமைத் தொடர்களைப் பெரும்பான்மைக் கணக்கு பொய்யாக்குவதில்லை. 'கொசு மலேரியாவைப் பரப்பும்' என்பது அனைவரும் ஏற்கும் தொடர். மலேரியாக் கிருமியைச் சுமக்கும் கொசுக்களோ மிகச் சிலவே. கொடிய விளைவு ஒன்று சிலவற்றிடம் காணப்படினும் அதனை இனம் முழுமைக்கும் ஏற்றிச் சொல்வதை மனித மொழி அனுமதிக்கிறது. ஆகவே நூற்றுக்கு ஒன்று என்னும் எண், 'சுடுவர்' என்பதைக் கேட்டு நம்பியவரை அசைக்காது. பொதுமைத் தொடரை எண்ணால் மறுக்க முற்படுவோர் அடையும் இடர்ப்பாடு இது. சாதி, சமயம், இனம் பற்றிய பேச்சுகளில் இந்நாட்டார் நன்கு அறிந்ததும்கூட.

தாங்கிப் பேசியோர் முன்வைத்த மற்றொரு வாதம் நுட்பமானது. கதைப்பகுதி முழுவதும் லெவ் அப்ராமோவிச் இசகோவிச் என்னும் முன்னாள் படை அதிகாரியின் நினைவாகவே சொல்லப்படுகிறது. 1952இல் சைபீரியச் சிறைமுகாம் ஒன்றில் விசாரிக்கப்படுகையில் அவர் தாம் கண்டவற்றைச் சொல்கிறார். கசந்துபோன ஒருவரின் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்வது முறையன்று என்பது வாதம். நாவலைப் பொறுத்தவரை இது மறுக்க இயலாதது. 'என்றான்' என்னும் மேற்கோள் வினையின் ஆட்சிக்குள் அடங்கியவற்றுக்கு மேற்கோளாளனே பொறுப்பு. ஆனால் இவ்வாட்டத்தில் மேற்கோளுக்குள் அடங்குவன கதைக்காட்சிகள் மட்டுமே. கடிகாரத்தை ஓடவிட்டதும், பின்வாங்கியவுடன் துப்பாக்கி முழங்குமாறு அமைத்ததும் இசகோவிச்சின் கூற்றுகள் அல்ல. அவை என்றான் என்பதற்கு வெளியே நிற்கின்றன. கதைமாந்தர் கூறியதாகத் தொடங்கிய வாக்கியம் இடையில் ஆசிரியர் கூற்றாக மாறிவிடுகிறது. மாறிய இடத்தில் குறியேதும் இல்லை.

தீயிடும் காட்சியைப் பற்றிய கருத்துரைகளிலும் இதே நிலை. ஜெர்மானியப் படைகளின் பின்புலத்திலிருந்த குடியிருப்புகளை அழிக்குமாறு 1941 நவம்பர் 17ஆம் நாள் ஆணை பிறப்பிக்கப்பட்டது வரலாறு. அத்தகைய பணிக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டு, நவம்பர் 29இல் தூக்கிலிடப்பட்டவர் ஜோயா கொஸ்மொதெமியான்ஸ்கயா. தமிழ்நாட்டு இடதுசாரிக் குடும்பங்களில் பெண் மக்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களுள் ஒன்று அவருடையது. ஒரே ஆணை, ஒருவரின் ஈகமாகச் சொல்லப்படும்போது 'சென்றாள், பிடிபட்டாள், மடிந்தாள்' என இறந்தகாலத்தில் நடக்கிறது. ஆட்டத்தின் பணியாக வரும்போது, குடிலைக் குறிவைத்தால் தீப்பற்றும் என்றாகிறது.

இனி 'நாஷி' என்னும் சொல். நம்முடையவர் என்று பொருள்படும் இச்சொல், போரைப் பற்றிப் பேசும் ரஷ்யருக்குச் சோவியத் படையின் இயற்பெயர் போலவே ஆகிவிட்டது. இதனைத் தமிழாக்குவோர் உடனே ஒரு முட்டுப்பாட்டைச் சந்திப்பர். நம்மவரா, எங்களவரா? ரஷ்ய ஆட்டக்காரர் மற்றொரு ரஷ்யரிடம் பேசினால் நம்மவர். கனடாவில் ஆட்டத்தை உருவாக்கியோரை நோக்கிப் பேசினால் எங்களவர். அக்கருத்துரைகள் பல ஒரே மூச்சில் இருவரையும் நோக்கியவை. 2 கோடியே 66 லட்சம் உயிர்களைப் பறிகொடுத்த வெற்றி உலகுக்கே உரியது என்று வாதிடும் இடத்தில் 'நம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். எங்கள் தாத்தாக்களை இழிவுபடுத்தினீர் என்னும் இடத்தில் கேட்போரை விலக்கும். ரஷ்யச் சொல் இரண்டையும் மூடிமறைக்கிறது. தமிழ் மறைக்க விடாது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். பொதுமைத் தொடர் தன்மைப் பெயரோடு எளிதில் பொருந்துவதில்லை. 'அவர்கள் பின்வாங்குவோரைச் சுடுவார்கள்' என்பதைத் தமிழர் வழக்கமாகக் கேட்பர். 'நாங்கள் பின்வாங்குவோரைச் சுடுவோம்' என்பதோ, வேறு சூழல் துணையின்றி நிற்கையில், எச்சரிக்கையாகவோ சூளுரையாகவோதான் காதில் விழும். தன்மையில் எதிர்காலம் எண்ணத்தை நோக்கிச் சாய்கிறது. படர்க்கையில் இயல்பை நோக்கிச் சாய்கிறது. சோவியத் படையைப் படர்க்கையாகக் கொண்டு ஆடியவர்க்கு விதி ஒரு தகவலாக இருந்தது. தன்மையாகக் கொண்டு ஆடியவர்க்கு அது தம் வாயில் பிறர் திணித்த வாக்குமூலமாக இருந்தது.

ஆயினும் எதிர்த்தோரின் செவி எல்லா இடத்திலும் கூர்மையாக இருக்கவில்லை. போட்டிப்பகுதியில் ஒரு சோவியத் கட்டாயப்படைக் குழுவில் 6 பேர். அதற்கு எதிராக நிற்கும் ஜெர்மானியக் குழுவில் 4 பேர். கட்டாயப்படையினர் 'இணைதல்' என்னும் ஆற்றலால் குறைபட்ட வேறு குழுவுக்குள் புகுந்து இடத்தை நிரப்புவர். புகுந்தபின் அவர்கள் அக்குழுவின் ஆட்களே. சோவியத் வீரன் எண்ணிக்கையால் பொருதுபவன், ஒருவன் இடத்தை மற்றொருவன் நிரப்பத்தக்கவன் என்று இவ்விதிகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கூறிக்கொண்டே இருக்கின்றன. கதைக்காட்சிகளைக் கண்டு கொதித்தோர் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 6 பேர் போதுமா, 4 பேர் மிகுதியா என்னும் சமநிலைக் கணக்காகவே இது பேசப்பட்டது. ஆட்டங்கள் விதிகளால் வாதிடுகின்றன என்று இயன் போகோஸ்ட் 2007இல் எழுதினார். அது சரியே, ஆனால் விதி எவ்வகைத் தொடராக வாதிடுகிறது என்பதை அவர் கோட்பாடு வினவவில்லை. அதனால், ஆடுவோர் ஏன் ஒரு விதியை அவதூறாகவும் மற்றொன்றை வெறுங் கணக்காகவும் கேட்கின்றனர் என்பதற்கு அங்கு விடை கிடைப்பதில்லை. சினம் எழுந்த இடமெல்லாம் விதியோடு முகமும் குரலும் உடைய அதிகாரி ஒருவர் இருந்த இடம். எழுவாய் தெளிவாக இருந்தால்தான் பயனிலை சுடுகிறது போலும்.

2013இல் ஆட்டக்காரரின் சினமாக இருந்தது பின்னர் அரசின் மொழியாகவும் ஒலித்தது. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ஒன்றியத்தின் செயல்களைப் பற்றித் தெரிந்தே பொய்த்தகவல் பரப்புவதைக் குற்றமாக்கும் பிரிவு 2014 மே மாதம் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம், வரலாற்று உண்மையைக் காப்பது அரசின் கடமை என்றது. தாய்நாட்டைக் காத்த மக்களின் வீரச்செயலைச் சிறுமைப்படுத்தலாகாது என்றது. ஈண்டு உண்மை எனப்பட்டது 'பிராவ்தா', 'இஸ்தினா' அன்று. இரண்டாவது சொல் மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு உரியதாக வழங்குகிறது. முதற் சொல்லில் உண்மையோடு நேர்மையும் நியாயமும் கலந்திருக்கும். நாளிதழின் பெயரால் தமிழரும் அறிந்த அச்சொல் சட்டத்துள் நிற்கும்போது, 'சுட்டதுண்டு' என்று ஆவணத்தைக் காட்டிக் கூறுபவரும், 'சுடுவர்' என்று இனத்தின் மேல் ஏற்றிக் கூறுபவரும் ஒரே கூண்டில் நிறுத்தப்படலாம். எதிர்ப்பாளரின் குறை நியாயமானது என்பதால் இச்சட்டம் நியாயமாகிவிடாது. 1,189 என்னும் எண்ணை வெளியிட்டவர் பொதுமைத் தொடர் எதனையும் கூறவில்லை. முற்றாநோக்கு வினையொன்றின் இரு பொருள்களுள் எதனை எழுதியவர் கருதினார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் நிலை, மொழிபெயர்ப்பாளர்க்குப் பிறர் துயரம் மட்டுமன்று. அவர் தேர்ந்தெடுத்த வினைமுற்றே சான்றாக முன்வைக்கப்படக்கூடும்.

சிறு சொற்களிலும் இவ்வகைக் கவனம் தேவைப்படுகிறது. கட்டாயப்படையினர் பாய்ந்தோடும் ஆற்றலுக்கு ஆட்டத்தில் 'ஊரா' எனப் பெயர். ரஷ்யரின் போர்முழக்கம் 'உரா'. ஆட்டத்தில் கையாண்ட எழுத்துக்கூட்டல் அமெரிக்க மரைன் படையினரின் முழக்கத்துக்கு உரியது. சோவியத் வீரன் அமெரிக்க உச்சரிப்பில் முழங்கி ஓடுகிறான். தமிழில் ஒரு நெடிலைக் குறிலாக்கினால் இப்பிழை தீரும். ஆனால் தீர்த்தபின் ஆட்டத்தை உருவாக்கியோர் எந்தச் செவியால் கேட்டனர் என்பதற்கான தடயமும் மறைந்துபோகும்.

மூன்றாம் பகுதி 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. களம் இத்தாலியும் வட ஆப்பிரிக்காவும். வட ஆப்பிரிக்கக் கதைப்பகுதியில் ஆடுவோர் ஜெர்மானியப் படையை நடத்துவர்; இடையிடையே வரும் கதைக்காட்சிகளோ லிபியாவைச் சேர்ந்த யூதக் குடும்பம் ஒன்றின் துயரைச் சொல்லும். காட்சியும் ஆட்டமும் ஒட்டவில்லை எனக் கருத்துரைகளில் குறை கூறப்பட்டது. இரண்டாம் பகுதியில் நேர்ந்ததன் மறுதலை இது. அங்குக் குற்றம் விதிக்குள் நுழைந்தது. இங்குக் குற்றம் முழுவதும் மேற்கோளுக்குள் அடைக்கப்பட்டு, விதிகள் குற்றமற்றவையாக வெளியே நிற்கின்றன. அதே பகுதியில் பிரித்தானியத் தரப்பில் இந்தியப் பீரங்கிப் படையும் கூர்க்காக் காலாட்குழுவும் இடம்பெறுகின்றன. இத்தாலியில் இந்திய டிவிஷன்கள் மூன்று பொருதன என்பதால் இது வரலாற்றுக்கு முரணன்று. கூர்க்காக் குழு ஆட்டத்தில் வலிமை மிக்கது. ஆடுவோர் அதனைப் பாராட்டுகின்றனர். எவரும் கையொப்பம் திரட்டவில்லை. 1857க்குப் பின்னர் ஆங்கில அரசு இந்தியரைப் போர்க்குடி என்றும் போர்க்குணமற்ற குடி என்றும் பிரித்து ஆள்சேர்த்தபோது பயன்படுத்திய தொடரும் செய்யும் என்னும் வாய்பாட்டில் அமைந்ததே. கூர்க்கா அஞ்சார் என்பதும் தீச் சுடும் என்பதும் இலக்கணத்தில் ஒரே வகை. புகழுரையாக வருவதால் அதன் வினைநோக்கை எவரும் உற்றுக் கேட்கவில்லை.